ஒரு குதியில் எத்தனை வாட்?

மண்ணச்சநல்லூர் என்றதும் திருச்சிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிசி. கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, நம்பர் 1 டோல்கேட்டில் துறையூர் சாலையைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஆலைகள் தென்படத் தொடங்கும். நெல் இறங்கும் லாரி, அரிசி ஏறும் லாரி, நடுவில் மூட்டையும் ஆளுமாக ஓயாத வேலை. அங்கே ஒரு லோடுமேன் 75 கிலோ மூட்டையை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு இரண்டு விநாடியில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறையையும் உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஐயும் பெருக்கினால், மூட்டையின் மீது அவர் செய்த வேலை சுமார் 1,100 ஜூல். நேரத்தால் வகுத்தால் 550 வாட்.

அதே ஊரின் பள்ளி மைதானத்தில் 60 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவர் முழங்காலை மடித்து, நின்ற இடத்திலிருந்தே மேல்நோக்கி எம்புகிறார். பாதம் தரையை விடுவதற்குள் அவர் உடல் 40 செ.மீ. உயர்ந்துவிடுகிறது; பாதம் விட்ட பிறகு காற்றில் இன்னும் 45 செ.மீ. இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டால் வேலை 500 ஜூல்தான், லோடுமேன் செய்ததில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த வேலையைக் கால்கள் 0.27 விநாடியில் முடித்துவிடுகின்றன. வகுத்தால் 1,860 வாட் வருகிறது. பாதி வேலைதான், திறனோ மூன்று மடங்குக்கு மேல்.

விளையாட்டில் தசைத்திறன் என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு தூக்க முடியும் என்ற கேள்வியோடு, எவ்வளவு சீக்கிரம் என்ற கேள்வியும் சேரும்போது அது பிறக்கிறது. தென்மாவட்டக் கிராமங்களில் ஊர் நடுவே கிடக்கும் இளவட்டக்கல் முதல் கேள்விக்கு விடை சொல்லும். அதைத் தூக்கித் தோளில் ஏற்ற எத்தனை விநாடி எடுத்தாலும் தூக்கியவர் வென்றவர்தான். நீளம் தாண்டுபவருக்கு அந்த வசதி கிடையாது. பலகையில் அவர் கால் படிந்திருக்கும் நேரம் விநாடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. முழு வேக ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடும் நேரம் அதைவிடவும் குறைவு. அதற்குள் வெளிவராத பலம் உடலில் எவ்வளவு இருந்தாலும் அந்தத் தாண்டலுக்கு உதவாது.

தசையின் இந்தக் குணத்தை 1938-இல் ஆங்கிலேய உடலியலாளர் ஏ.வி. ஹில் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். தசை மெதுவாகச் சுருங்கும்போது அதிக விசை தரும். வேகமாகச் சுருங்கும்போது விசை குறையும். விசையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் திறன், இரு முனைகளிலும் பூஜ்யத்தை நெருங்கி நடுவில் எங்கோ உச்சம் தொடுகிறது. அந்த உச்சத்தை உயர்த்துவதும், அது உயர்ந்ததா என்று அறிவதும் பயிற்சியாளரின் அன்றாட வேலை.

அறிய ஒரு கருவி உண்டு. ஃபோர்ஸ் பிளேட் என்னும் தட்டு, மேலே நின்று குதிப்பவர் தரையை அழுத்தும் விசையை விநாடிக்கு ஆயிரம் முறை பதிவு செய்யும். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கிரிக்கெட் பந்துவீச்சு முறையைச் சோதிக்க ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இருக்கிறது. அது போன்ற இடங்கள் மண்ணச்சநல்லூரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கருவியின் விலையோ இலட்சங்களில். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கோ, மாலையில் சம்பளமில்லாமல் பிள்ளைகளை ஓட வைக்கும் உள்ளூர்ப் பயிற்சியாளருக்கோ இரண்டுமே எட்டாது. அவரிடம் இருப்பவை சுவர், சாக்பீஸ், டேப், செல்போன். இந்த ஊரில் கூடுதலாக ஒன்று: நம்பகமான தராசு. ஆலையின் எலக்ட்ரானிக் தராசு ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வைக்கப்படுவது. குளியலறைத் தராசை நம்புவதைவிட அதில் ஏறி நிற்பது மேல். இவற்றைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதே இந்த அத்தியாயம்.

சுவரில் இரண்டு கோடுகள்

1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, கடலுக்கு அப்பால், ஹார்வர்டில் நெடுங்காலம் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்திய டட்லி ஆலன் சார்ஜென்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு மனிதனின் உடல்திறனை அறிய அவன் எவ்வளவு உயரம் எம்புகிறான் என்று பார்த்தாலே பெரும்பகுதி தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். நூறு ஆண்டுகள் கழித்தும் உடற்கல்விக் கல்லூரிகளில் படிப்பவர்கள் ‘சார்ஜென்ட் ஜம்ப்’ என்ற பெயரைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

செய்முறை எளிது. வீரர் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, சுவரை ஒட்டிய கையை முழுவதும் உயர்த்துகிறார். நடுவிரல் நுனி தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு விரலில் சாக்பீஸ் பொடியோ கோலமாவோ தடவிக்கொண்டு எம்பி, உச்சியில் சுவரைத் தட்டுகிறார். அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் குதி உயரம்.

எளிமைக்குள் பொறிகளும் உண்டு. பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடிக்கும் பொறி முதல் கோட்டில் இருக்கிறது. நிற்கும்போது தோளைக் கொஞ்சம் தளர்த்தினால் கோடு மூன்று, நான்கு செ.மீ. கீழே விழும், அவ்வளவும் குதி உயரத்தில் இலவசமாகச் சேரும். ஆகவே குதிகால் தரையில் பதிய, காது தோளில் உரச, கை இனி எட்டாது என்னும் வரை நீட்டச் சொல்லி, அந்தக் கோட்டை ஆசிரியரே போட வேண்டும். அடுத்தது கைவீச்சு. கையை வீசிக் குதித்தால் உயரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். வீசுவது தவறில்லை. இந்த வாரம் வீசி, அடுத்த வாரம் வீசாமல் குதிப்பதுதான் தவறு. மூன்றாவது, சுவரைத் தட்டும் நேரம். உச்சிக்கு முன்பே தட்டிவிட்டால் உயரம் குறைவாகவே பதிவாகும். பழகாத பிள்ளைகளுக்கு முதல் நாள் அளவை எழுதாமல் பழக்கமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் இரண்டாம் வாரம் கிடைக்கும் ‘முன்னேற்றம்’ காலில் வந்ததா, தட்டத் தெரிந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது.

ஒரே குதி, மூன்று எண்கள்

உயரம் கிடைத்துவிட்டது. அதை வாட்டாக மாற்றுவதில்தான் பல பயிற்சியாளர்கள் வழுக்குகிறார்கள். நம் 60 கிலோ இளைஞரின் 45 செ.மீ. குதியை, புழக்கத்தில் உள்ள மூன்று சூத்திரங்களில் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, 1970-களில் பாடநூல்கள் வழியே பரவிய லூயிஸ் சூத்திரம். அதில் விடை 874 வாட். இரண்டாவது, பிரான்சைச் சேர்ந்த பியர் சமோசினோவும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட முறை. எடை, குதி உயரம், கால் உந்தும் தூரம் மூன்றும் தெரிந்தால் போதும். முதலில் நாம் போட்ட கணக்கு அதுதான்: 1,860 வாட். மூன்றாவது, ஸ்டீபன் சேயர்ஸ் குழு 1999-இல் தந்த சமன்பாடு. செ.மீ.யில் உள்ள உயரத்தை 60.7-ஆல் பெருக்கு, கிலோவில் உள்ள எடையை 45.3-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி 2,055-ஐக் கழி. விடை சுமார் 3,395 வாட்.

ஒருவரே, ஒரே குதிதான். எண்கள் மட்டும் ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகப் போகின்றன. காரணம், மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. சேயர்ஸ் சொல்வது, உந்தலின்போது ஒரு கணம் மட்டும் தொடும் உச்சத் திறன். ஃபோர்ஸ் பிளேட்டில் பலரைக் குதிக்க வைத்து, அந்தத் தரவோடு பொருத்திப் பெற்ற கணிப்பு அது. சமோசினோ சொல்வது உந்தல் முழுவதற்குமான சராசரி. லூயிஸ் சூத்திரம் கணக்கிடுவது, உச்சியிலிருந்து உடல் கீழே விழும்போது புவியீர்ப்பு செய்யும் வேலையின் சராசரித் திறனை. அதில் தசைக்கு நேரடிப் பங்கே இல்லை. ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய கையேடுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதிலிருந்து பயிற்சியாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஏதாவது ஒரு சூத்திரத்தைத் தேர்ந்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்ற வேண்டும். செய்தித்தாளில் ஒரு வீரரின் திறன் இத்தனை ஆயிரம் வாட் என்று படித்துவிட்டு நம் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். எந்தக் கணக்கில் வந்த எண் என்று தெரியாத வரை அது வெறும் எண்.

வாட் எதற்கு, உயரமே போதாதா என்று கேட்கலாம். ஒரே வீரரை மாதந்தோறும் பின்தொடர உயரம் போதும். இருவரை ஒப்பிடும்போதுதான் வாட் பேசுகிறது. நம் 60 கிலோ இளைஞர் 45 செ.மீ. குதிக்கிறார், 80 கிலோ எடையுள்ள இன்னொருவர் 40 செ.மீ. மட்டுமே. சுவரைப் பார்த்தால் முதலாமவர் வென்றார். சேயர்ஸ் கணக்கில் இரண்டாமவருக்கு 3,997 வாட், அறுநூறு வாட் அதிகம். ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாமவருக்கு 56.6, இரண்டாமவருக்கு 50. தன் உடலையே தூக்கிக்கொண்டு பறக்க வேண்டிய தாண்டுதலுக்கு முதலாமவர் பொருத்தம். குண்டையோ எதிராளியையோ தள்ள வேண்டிய ஆட்டத்தில் இரண்டாமவரின் மொத்தத் திறன் கைகொடுக்கும். சுவரில் கீழே கோடு போட்டதற்காக அவரை அனுப்பிவிட்டால் நல்ல குண்டு எறிபவரையோ கபடி தற்காப்பு ஆட்டக்காரரையோ இழந்திருப்போம்.

வளரும் பிள்ளைகளிடம் இதே சூத்திரம் ஏமாற்றவும் செய்யும். ஓராண்டில் நான்கு கிலோ கூடிய பையன் அதே உயரம் குதித்தால் சேயர்ஸ் கணக்கில் 181 வாட் கூடிவிடும். அது பயிற்சி தந்ததல்ல, வயது தந்தது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு உயரம், எடை, கிலோவுக்கு வாட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பாக்கெட்டில் இருக்கும் ஆய்வகம்

சுவரில்லாமலும் உயரம் அளக்கலாம். காற்றில் ஒருவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரிந்தால் எவ்வளவு உயரம் போனார் என்று கணக்கிட்டுவிடலாம். பறந்த நேரத்தை விநாடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 45 செ.மீ. குதிப்பவர் காற்றில் இருப்பது 0.606 விநாடி. 1980-களில் இத்தாலியரான கார்மெலோ போஸ்கோ, மின்சுற்றுள்ள விரிப்பில் குதிக்க வைத்து இந்த முறையை விளையாட்டுக் களத்துக்குப் பரவலாகக் கொண்டுவந்தார். அந்த விரிப்பின் வேலையை இன்று செல்போனின் ஸ்லோ மோஷன் கேமரா செய்கிறது. ஸ்பெயினின் கார்லோஸ் பல்சலோப்ரே-ஃபெர்னாண்டஸ் இதற்கென்றே ‘மை ஜம்ப்’ என்ற செயலியை உருவாக்கி, 2015-இல் ஃபோர்ஸ் பிளேட்டோடு ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போயின.

செயலிகூட வேண்டாம். போனைத் தரையை ஒட்டி, பாதம் தெரியும்படி ஒரு செங்கல்லில் சாய்த்து வையுங்கள். ஸ்லோ மோஷனில் எடுத்த வீடியோவை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, கட்டைவிரல் தரையை விடும் சட்டகத்தையும் மீண்டும் தொடும் சட்டகத்தையும் குறியுங்கள். விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் போன் என்றால், நம் இளைஞரின் குதியில் நடுவே 145 சட்டகங்கள் இருக்கும். 145-ஐ 240-ஆல் வகுத்தால் நேரம்.

இங்கே போனின் வேகம் முக்கியம். 240 சட்டகத்தில் ஒன்றைத் தவறாக எண்ணினால் உயரத்தில் வரும் பிழை 6 மில்லிமீட்டர்தான். சாதாரண வீடியோவில், விநாடிக்கு 30 சட்டகத்தில், ஒரே ஒரு சட்டகத் தவறு 5 செ.மீ. பிழையாகிவிடும். ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி செய்து பெறும் உயர்வையே விழுங்கிவிடும் பிழை அது. ஆகவே யாரிடம் ஸ்லோ மோஷன் உள்ள போன் இருக்கிறது என்று பார்த்து, எப்போதும் அதே போனில் எடுப்பது நல்லது.

இந்த முறைக்கும் ஒரு திருட்டுவழி உண்டு. இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டால் பாதம் தாமதமாகத் தரையைத் தொடும், பறந்த நேரம் கூடும். கிளம்பும்போது இருந்தது போலவே காலை நீட்டி, விரல்நுனியில் இறங்க வேண்டும். மடக்கினால் அந்தக் குதி செல்லாது.

அதே போனில் இன்னொரு தகவலும் கிடைக்கும். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அரைக் குந்தில் இரண்டு விநாடி அசையாமல் இருந்து ஒரு குதி. பிறகு நின்ற நிலையிலிருந்து சட்டென்று குந்தி அதே வேகத்தில் எம்பி ஒரு குதி. இரண்டாவது வழக்கமாகச் சில செ.மீ. அதிகம் வரும். கீழே இறங்கும் அசைவு தசைகளை முன்கூட்டியே இறுக்கி, தசைநாண்களை இழுத்துத் தயாராக்குவதே அதற்குக் காரணம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் வந்தால், அந்தப் பிள்ளைக்குப் பலம் இருக்கிறது, துள்ளல் போதவில்லை என்று ஊகிக்கலாம். அவருக்குக் கூடுதல் எடை தூக்குவதைவிட, துள்ளித் துள்ளிக் குதிக்கும் பயிற்சிகள் பலன் தர வாய்ப்பு அதிகம்.

மலைக்கோட்டையும் ஆறு படிகளும்

திருச்சியில் உடல்திறன் என்றால் யாராவது ஒருவர் மலைக்கோட்டையை இழுத்துவிடுவார். நானூறுக்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்காமல் ஏறியவன் பலசாலி என்பார். கணக்குப் போடலாம். 60 கிலோ எடையோடு 80 மீட்டர் உயரத்தை எட்டு நிமிடத்தில் ஏறினால் சராசரித் திறன் 98 வாட். நல்ல உழைப்புதான், ஆனால் அங்கே சோதிக்கப்படுபவை இதயமும் நுரையீரலும். தசையின் வெடிப்பைப் படிகளில் அளக்க வேண்டுமென்றால் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும்.

மிலான் நகர உடலியலாளர் ரொடோல்ஃபோ மர்கரியா 1966-இல் செய்தது அதைத்தான். பின்னர் கலமன் என்பவர் திருத்திய வடிவம் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. ஆறு மீட்டர் ஓடிவந்து, மும்மூன்று படிகளாகத் தாவி ஏற வேண்டும். மூன்றாம் படியில் கால் படுவதிலிருந்து ஒன்பதாம் படியில் கால் படும் வரை நேரம் எடுக்கப்படும். ஒரு படி 17.5 செ.மீ. என்றால் ஆறு படிக்கு 1.05 மீட்டர். 60 கிலோ வீரர் அதை அரை விநாடியில் கடந்தால் 1,236 வாட். மலைக்கோட்டை ஏறியவரின் 98 வாட்டுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், தாங்குதிறனும் வெடிப்புத் திறனும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது விளங்கும்.

ஸ்டாப்வாட்ச் இங்கே உதவாது. கட்டைவிரல் 0.1 விநாடி முந்தினால் அதே ஓட்டம் 1,545 வாட். அதே அளவு பிந்தினால் 1,030. ஆய்வகங்களில் படியிலேயே மின் சுவிட்ச் பொருத்தி நேரம் எடுப்பார்கள். நமக்கு ஸ்லோ மோஷன் போன் போதும். பள்ளிக்கூட மாடிப்படியில் செய்பவர்கள் முதலில் ஒவ்வொரு படியின் உயரத்தையும் டேப்பால் அளக்க வேண்டும், பல கட்டடங்களில் அவை சமமாக இருப்பதில்லை. ஈரமான படியிலும், வழுவழுப்பான மொசைக் தரையிலும் இந்தச் சோதனையே வேண்டாம்.

தாண்டல், எறிதல், ஓட்டம்

நின்ற இடத்திலிருந்து முன்னோக்கித் தாண்டுவது இன்னும் எளிது. கோட்டிலிருந்து, கோட்டுக்கு மிக அருகில் பட்ட குதிகால் தடம் வரை டேப் போட்டால் முடிந்தது. 1900 முதல் 1912 வரை இது ஒலிம்பிக் போட்டியாகவே இருந்தது. சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட ரே யூரி 1904-இல் இதில் 3.47 மீட்டர் தாண்டினார். சுவரோரம் எம்பும் குதியும் இதுவும் சொல்வது ஏறக்குறைய ஒன்றே என்றாலும், இதில் எந்தக் கோணத்தில் கிளம்புகிறார், இறங்கும்போது காலை எவ்வளவு முன்னே நீட்டுகிறார் என்ற நுட்பமும் கலக்கிறது. மணல் குழியில் செய்வதானால் குழியின் மட்டம் கோட்டின் மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

மேலுடலுக்கு மெடிசின் பால். சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு அல்லது மூன்று கிலோ பந்தை மார்பிலிருந்து இரு கைகளாலும் தள்ள வேண்டும். முதுகு சுவரை விட்டு எழுந்தால் அது செல்லாது. கடையில் வாங்க முடியாதவர்கள் பழைய கூடைப்பந்தில் உலர்ந்த மணலை இறுக நிரப்பித் தைத்து, ஆலைத் தராசில் எடை பார்த்து, பந்தின் மீதே எழுதிவைக்கலாம். பாதி நிரப்பினால் மணல் உள்ளே உருண்டு தூரம் தாறுமாறாகும். மாதந்தோறும் மறுபடி எடை போடுவதும் அவசியம், மணல் கசியும்.

கபடிக்காரர்களுக்கு ஒரே குதி போதாது. முப்பது விநாடி ரெய்டு, சற்று ஓய்வு, மறுபடி ரெய்டு என்று போகும் ஆட்டம் அது. பிரிட்டனில் வல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு சோதனை இதற்குப் பொருந்தும்: 35 மீட்டர் முழு வேக ஓட்டம், பத்து விநாடி ஓய்வு, இப்படி ஆறு முறை. எடையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நேரத்தின் கனத்தால் வகுத்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எண் கிடைக்கும். 60 கிலோ வீரர் 5 விநாடியில் ஓடினால் 588 வாட். அந்த எண்ணை உண்மையான தசைத்திறன் என்று கொள்ள வேண்டாம்; முதல் ஓட்டத்துக்கும் ஆறாவது ஓட்டத்துக்கும் இடையே எவ்வளவு சரிந்தது என்பதே இங்கே பார்க்க வேண்டியது. நேரம் மூன்று முறை பெருக்கப்படுவதால் பிழையும் மும்மடங்காகும். 0.2 விநாடி முந்தி அழுத்தினால் 588 என்பது 665 ஆகிவிடும், பிந்தி அழுத்தினால் 523. ஆகவே ஸ்டாப்வாட்சை மாணவர்களிடம் மாற்றி மாற்றிக் கொடுக்காமல் ஒருவரே எடுக்க வேண்டும்.

காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் உள்ள ஊர்களில் கயிறும் இருக்கும். அந்தத் தேர்வில் ஆண்கள் எத்தனை மீட்டர் ஏறினார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். அதோடு நேரத்தையும் நாம் குறித்துக்கொண்டால் கைகளின் திறன் கிடைத்துவிடும். 60 கிலோ இளைஞர் 5 மீட்டரை 10 விநாடியில் ஏறினால் 294 வாட்.

முன்னேற்றமா, அளவையின் ஆட்டமா?

சோதனையைச் செய்வதைவிட அதை நம்புவது கடினம். ஒரு மாணவி போன மாதம் 32 செ.மீ., இந்த மாதம் 34. பயிற்சி பலித்ததா? பதில் சொல்லும் முன் இன்னொன்று தெரிய வேண்டும். எதுவும் மாறாதபோதே அவருடைய அளவு எவ்வளவு ஆடுகிறது?

அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஆறு பேரை இரண்டு நாள் இடைவெளியில், அதே நேரத்தில், அதே முறையில் இருமுறை அளக்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து முதல் நாளைக் கழித்தால், எடுத்துக்காட்டாக, +2, −1, 0, +3, −2, +1 செ.மீ. என்று வருகிறது. இரண்டு நாளில் யாருடைய தசையும் மாறவில்லை. இவை முழுக்க அளவையின் ஆட்டம். இந்த ஆறு எண்களின் திட்ட விலக்கம் 1.87. அதை இரண்டின் வர்க்கமூலமான 1.41-ஆல் வகுத்தால் 1.3 செ.மீ. இதுதான் நம் சோதனையின் இயல்பான பிழை. இதைப் போல இரு மடங்கை, அதாவது 2.6 செ.மீ.யைத் தாண்டாத எந்த உயர்வையும் முன்னேற்றம் என்று அறிவிக்கக் கூடாது. தாண்டாத எந்தச் சரிவுக்காகவும் மாணவியைத் திட்டவும் கூடாது. 32-லிருந்து 34 என்பது இந்தக் கணக்கில் இன்னும் விடை தெரியாத கேள்வி.

ஆட்டத்தைக் குறைக்கும் வழிகளும் தெரிந்தவைதான். பெரும்பாலோருக்கு வெடிப்புத் திறன் காலையைவிட மாலையில் சில சதவீதம் கூடுதலாக இருக்கும், உடல் வெப்பநிலையும் மாலையில் உயர்ந்திருக்கும். காலை ஆறு மணி அளவையும் மாலை ஐந்து மணி அளவையும் ஒப்பிட்டால் வராத முன்னேற்றம் வந்தது போலத் தோன்றும். சித்திரை வெயிலில் களைத்து வந்த நாளையும் மார்கழி மாலையையும் நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அதே காலணி, அதே தரை, அதே முன்தயாரிப்பு ஓட்டம். மூன்று குதி, ஒவ்வொன்றுக்கும் இடையே குறைந்தது ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றில் சிறந்ததைச் சொல்லிப் பாராட்டலாம். நோட்டில் மூன்றின் சராசரியையும் எழுத வேண்டும், அதுதான் குறைவாக ஆடும்.

இப்படி அளந்து வருபவருக்கு எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. கடுமையான பயிற்சி வாரத்துக்குப் பிறகு குதி உயரம் பிழையின் எல்லையையும் தாண்டிக் கீழே இறங்கினால், உடல் இன்னும் மீளவில்லை என்று பொருள். அன்று பயிற்சியைக் குறைப்பது காயத்தைத் தவிர்க்க உதவும்.

எண் சொல்லாதவை

மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்து வட்டம் லால்குடி. அங்கே வழுதியூரில் பிறந்த ஆரோக்கிய ராஜீவ் நீளம் தாண்டுபவராகத் தொடங்கியவர். ராணுவத்தில் சேர்ந்த பின் 400 மீட்டருக்கு மாறினார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 45.92 விநாடியில் வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஆசிய சாதனை படைத்த தொடர் ஓட்ட அணியில் அவரும் ஒருவர். தாண்டுபவரின் கால்களில் இருந்த வெடிப்பு ஓட்டத்துக்கும் உதவியிருக்கும். ஆனால் கடைசி நூறு மீட்டரில் வேகம் சரியாமல் பிடித்துநிற்கும் குணத்தை எந்தச் சுவர்க்கோடும் காட்டியிருக்காது. இந்த ஓட்டத்துக்கு மாறிப் பார் என்று சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் கூர்மையாகிறது. பதின்மூன்று வயதில் சீக்கிரம் பருவமடைந்த பையன், அதே வகுப்பில் இன்னும் வளராத பையனைவிட உயரமாகக் குதிப்பான். இரண்டு ஆண்டில் வரிசை தலைகீழாகலாம். ஒரு நாள் சோதனையை வைத்துப் பெயர்ப் பட்டியல் எழுதுபவர் பெரும்பாலும் அந்த வயதின் வளர்ச்சியைத்தான் தேர்ந்தெடுக்கிறார். யாருடைய எண் எவ்வளவு வேகமாக மேலே போகிறது என்று மூன்று ஆண்டு பார்த்தவருக்கே வேறு ஏதாவது தெரியும்.

ஏழை மைதானத்துக்கு ஒரு பலம் இங்கேதான் இருக்கிறது. பெரிய ஆய்வகம் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை மிகத் துல்லியமாக அளக்கும். உள்ளூர்ப் பயிற்சியாளரின் சுவர் 1.3 செ.மீ. தவறும்; ஆனால் அந்த வாரத்தில் மூன்று நாள் அளந்து சராசரி எடுத்தால் பிழை 0.75 செ.மீ. ஆகிவிடும். எண்ணிக்கை கூடக் கூட அதன் வர்க்கமூலத்தால் பிழை குறையும், இது புள்ளியியலின் பழைய விதி. காசு கொடுத்து வாங்க முடியாத துல்லியத்தை அவர் திரும்பத் திரும்ப அளந்து ஈட்டிக்கொள்ளலாம். அதற்குத் தேவையான முதலீடு ஒரு நோட்டும், எதையும் மாற்றாமல் ஒரே மாதிரி செய்யும் பிடிவாதமும்தான்.